பேய் வீட்டுக்கு எட்டுக் கதவு

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அவர் வாசலில் ஒரு கணம் நிற்பார். உள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு ஒரே கேள்விதான்.

"மற்றக் கதவு எங்க?"

கலியாண வீடு, செத்த வீடு, தபால் கந்தோர், பல்லுப் பிடுங்குகிற டாக்குத்தரின் அறை, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். வந்த கதவைத் தவிர இன்னொரு கதவு இருந்தால் உள்ளே போவார். இல்லாவிட்டால் படியிலேயே குந்திக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை வெளியே வந்து கதைக்கச் சொல்வார். டாக்குத்தர் அவருடைய கடைவாய்ப் பல்லை முற்றத்தில் வைத்துத்தான் பிடுங்கினார். ஊருக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஆகவே ஊர் அவருக்கு "மற்றக் கதவு" என்றே பட்டம் வைத்துவிட்டது. இறுப்பிட்டியில் பட்டப்பெயர் இல்லாத ஆள் என்றால் இன்னும் பிறக்காத ஆளாகத்தான் இருக்க வேண்டும். எனக்கும் ஒன்று இருந்தது. நான் படிப்பிக்கிற பிள்ளைகள் கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அவருடைய சொந்தப் பெயர் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் ஆளை விளங்காது.

எண்பத்து மூன்று கலவரத்தோடு தெற்கிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்து சேர்ந்த கடைக்காரர்களில் அவரும் ஒருவர். அங்கே ஒரு பட்டணத்தில் பெரிய கடை வைத்திருந்தவர், இங்கே சந்தியில் பெட்டி மாதிரி ஒரு சின்னக் கடை போட்டார். அந்தச் சின்னக் கடைக்கு மூன்று வாசல். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, பக்கத்தில் ஒன்று. பருப்பு மூட்டை வைக்க இடமில்லை, ஆனால் வாசலுக்குக் குறைவில்லை.

ஆடுகள் முன்வாசலால் வந்து, தொங்குகிற வாழைக்குலையில் இரண்டு பழத்தைக் கடித்துவிட்டு, பின்வாசலால் போகும். பஸ்ஸுக்கு ஓடுகிற சனங்களுக்கு அது குறுக்கு வழி. "அண்ணை, போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு கடைக்குள்ளால் ஓடுவார்கள். வாங்குவது ஒன்றுமில்லை. நானும் எத்தனையோ காலை அவருடைய தராசுக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்கும் இடையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. ஆட்கள் இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போவதைப் பார்க்க அவருக்குப் பெரிய திருப்தி.

இதை வெறும் விசர் என்று நான் நினைத்ததுண்டு. காரணம், என் சித்தப்பாவின் மகளுடைய கலியாணம். மாப்பிள்ளை பகுதியார் சீதன வீடு பார்க்க வரும்போது தங்களுக்குத் தெரிந்த நாலு மனிதரில் ஒருவராக இவரையும் கூட்டி வந்தார்கள். எல்லோரும் காணியின் எல்லையையும் கிணற்றுத் தண்ணீர் உப்பா நன்னீரா என்பதையும் விசாரித்துக்கொண்டு நிற்க, இவர் நேரே குசினிக்குள் போய்த் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மற்றக் கதவு எங்க?"

"குசினிக்கு ஏன் அண்ணை ரெண்டு கதவு?" என்றார் சித்தப்பா.

"பெட்டை உள்ளுக்கு நிண்டு சமைக்கேக்க முன்பக்கம் நெருப்புப் பிடிச்சா எதால வெளிக்கிடுறது?"

மாப்பிள்ளையின் தாய்க்கு அந்தக் கணம் வரைக்கும் அப்படி ஒரு யோசனை இருந்ததில்லை. அதன் பிறகு அதைத் தவிர வேறு யோசனை இல்லை. கதவில்லாவிட்டால் கலியாண எழுத்தில்லை என்று சொல்லிவிட்டார். சித்தப்பா அடுத்தநாளே மேசனைக் கூப்பிட்டுக் குசினிச் சுவரை உடைத்துக் கதவு வைத்தார். அந்தக் கதவு நேரே ஆட்டுக் கொட்டிலுக்குள் திறந்தது. என் தங்கச்சி கலியாணம் முடிந்து புட்டு அவிக்கும்போதெல்லாம் ஒரு கிடாய் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.

நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற லோஞ்சுப் படகிலும் இதே கதைதான். எல்லோரும் கீழே வாங்குப் பலகையில் இருக்க, இவர் மட்டும் மேல் தட்டில் வேட்டி காற்றில் அடிக்க இருந்து வருவார். "கீழ போய் வர உந்த ஏணி ஒண்டுதானே" என்பார். நனைந்துபோய்த்தான் அம்மனைக் கும்பிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் பள்ளிக்கூடக் கானிவலுக்குப் பேய் வீடு கட்டினார்.

எண்பத்தாறாம் ஆண்டு என்று நினைக்கிறேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கானிவல் வைப்பது என்று தீர்மானமானதும் அதிபர் என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், நீர்தான் பொறுப்பு. உம்மட வாய்க்குத்தான் ஆக்கள் பயப்பிடுவினம்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆசிரியர் கூட்டத்தில் விளையாட்டு மாஸ்ரர் எழுந்து, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஒரு வகுப்பறையில் படம் போடுவோம், வேறொன்றும் தேவையில்லை என்றார். "இந்தக் காலத்துப் பிள்ளையள் ஒரு ராத்திரியில நாலு படம் பாக்கிறதுகள். ராட்டினத்துக்கும் பேய் வீட்டுக்கும் ஆர் வரப்போறினம்?"

கானிவலுக்கு உதவ வந்து, வாசலுக்கு வெளியே படியில் குந்தியிருந்த எங்கள் ஆள் (ஆசிரியர் அறைக்கு ஒரு கதவுதான்) அங்கிருந்தே பதில் சொன்னார். "பிள்ளையள் மாறேல்லை மாஸ்ரர். நான் தெற்கில எத்தனை கானிவல் பாத்தனான். பேய் வீட்டுக்க போய்க் கத்தாத பிள்ளை இல்லை. கத்திப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு வருவினம். அந்தச் சிரிப்பை நீங்கள் வீடியோவில பாக்கேலாது."

அதிபர் நடுவில் ஒரு கோடு கிழித்தார். இரண்டு நாள் இரண்டும் நடக்கட்டும். பேய் வீட்டுக்குப் பிள்ளைகள் வராவிட்டால் மூன்றாம் நாள் அதைப் பிரித்துவிட்டு வீடியோ மட்டும் போடுவது.

எங்கள் ஆள் முதலில் ஒத்திகையாக ஒரு ராட்டினம் செய்தார். மாட்டுவண்டிச் சில்லு ஒன்றைப் படுக்கப்போட்டு, நட்டுவைத்த அச்சில் பூட்டி, நாலு பிள்ளைகளை இருத்தித் தள்ளினார். அந்த நாலு பேரில் ஒருத்தி இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், முன்பல்லு இரண்டும் விழுந்தவள், கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். மூன்று சுற்று முடிய அவள் கேட்டாள்.

"மாமா, இது எங்க போகுது?"

"எங்கயும் போகாது பிள்ளை. சுத்தும்."

"அப்ப ஏன் ஏறினனாங்கள்?"

அவர் உடனே சில்லைக் கழற்றி வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழு மூச்சாகப் பேய் வீட்டில் இறங்கினார்.

மைதானத்தின் மூலையில் காட்டுத் தடிகள் நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகால் அடைத்து, நீட்டாக ஒரு கொட்டில் எழும்பியது. மண்டையோடுகளுக்குச் சூப்பிக் காயவைத்த பனங்கொட்டைகள். தும்பைத் தலைமயிராக வாரிவிட்டு, கரியால் கண் வைத்தார். உண்மையாகவே பார்க்க நன்றாக இருந்தன. வாசலுக்குத் தன் கடையின் பலகைக் கதவு ஒன்றைக் கொளுக்கியோடு கழற்றிக்கொண்டு வந்து பூட்டினார். இவ்வளவும் சரி. போய்ப் பார்த்தபோதுதான் கண்டேன், நாலு எட்டுக்கு ஒரு கிடுகுப் படல். தள்ளினால் திறக்கும். எண்ணினேன். பலகைக் கதவோடு சேர்த்து எட்டுக் கதவு.

"அண்ணை, இது பேய் வீடோ, பஸ் ஸ்ராண்டோ?"

"பிள்ளையளுக்குப் பயம் வந்த உடன வெளிய வரவேணும், ரீச்சர்."

முதல் நாள் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் முதலாம் கதவால் போய் இரண்டாம் கதவால் வந்தார்கள். நாலாம் கதவால் புகுந்து ஏழாம் கதவால் ஓடினார்கள். அரை மணித்தியாலத்தில் அது பேய் வீடாக இல்லாமல் ஒளித்துப் பிடித்து விளையாடுகிற இடமாகிவிட்டது. தண்ணீர்த் தாங்கிக்குப் போகிற தாய்மார் குடத்தோடு குறுக்கால் போனார்கள். உள்ளே வெள்ளை வேட்டியைத் தலையால் போர்த்து, முகத்தில் கரி பூசி, முனியாக நின்ற பெரிய வகுப்புப் பையன், பயப்படுத்த ஆள் கிடைக்காமல் பலகையில் இருந்து கச்சான் கடலை தின்றான்.

பல்லு விழுந்தவள் முழுவதையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பயமா இருந்ததோ?" என்று இவர் ஆசையோடு கேட்டார்.

"இல்லை. அது எங்கட வீட்டுப் பனங்கொட்டை. நான்தான் சூப்பினனான்."

பக்கத்து வகுப்பறையில் வீடியோவுக்கு ஜன்னல் கம்பியெல்லாம் பிள்ளைகள். விளையாட்டு மாஸ்ரர் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டல் இருக்கிறதே, அதற்காகவே பேய் வீடு வெல்ல வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவரைக் கடையில் பிடித்தேன். வந்த கோபத்துக்கு எந்த வாசலால் போனேன் என்றே தெரியாது.

"அண்ணை, கதவுகளைக் கட்டுவம். ஒண்டு போதும்."

"ஏலாது."

"ஏன் ஏலாது? பயம் எண்டால் அடைச்ச இடத்திலதான் வரும். எட்டுக் கதவு திறந்து கிடந்தா முனி என்ன செய்யும் பாவம்?"

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"எங்கட கடைக்கு ஒரு வாசல்தான் ரீச்சர்" என்றார். "அங்க."

 மூன்று வருடத்தில் அவர் அந்தத் தெற்குக் கடையைப் பற்றிச் சொன்ன முதல் வசனம் அது.

"முன்னுக்கு அவங்கள். நெருப்பும் வைச்சாச்சு. நானும் வேலைக்கு நிண்ட ரெண்டு பேரும் பின்னறைக்க. பின்வீட்டுச் சிங்கள மனிசி ஒரு அலவாங்குக் கம்பியால சுவரில கல்லுக் கல்லாக் கழட்டினா. ஒரு ஆள் பூருற அளவுக்கு. அவ கழட்டி முடிக்கிற வரைக்கும் நான் அந்தச் சுவரையே பாத்துக்கொண்டு நிண்டனான்." தட்டைத் திரும்பவும் கொளுவினார். "மூண்டு பேரும் வந்திட்டம்."

எனக்குத் தங்கச்சியின் குசினிக் கதவு ஞாபகம் வந்தது. எத்தனை பேரிடம் அதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். வெட்கமாகப் போய்விட்டது.

"அப்பிடியெண்டால் பேய் வீடு வேண்டாம் அண்ணை. வீடியோவே ஓடட்டும்."

"இல்லை ரீச்சர், வேணும்." குரல் உறுதியாக இருந்தது. "ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டா உந்தப் பிள்ளையள் புத்தகத்தை விட்டிட்டு வாங்குக்குக் கீழ போகுதுகள், நீங்கள் பாக்கிறனீங்கள்தானே. அந்தப் பயத்துக்கு முடிவில்லை. நான் காட்டிற பயம் உள்ளுக்குப் போய் வெளியில வந்தா முடிஞ்சுது. பிள்ளையளுக்கு முடியிற பயம் ஒண்டு வேணும்."

பிறகு அவரே பேரம் பேசத் தொடங்கினார், தன்னோடு தானே. எட்டை ஐந்தாக்குவோம் என்றார். பிறகு மூன்று. பின்னேரம் நாலு மணிக்குக் கிடுகுக் கட்டோடு வந்து ஏழு படலையும் ஒவ்வொன்றாகக் கட்டினார். கடைசிக் கட்டுக்கு முடிச்சுப் போட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. பலகைக் கதவிலிருந்து கடைசி மூலைக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தார். பதினொன்று.

"முனியா நான்தான் நிக்கப்போறன்" என்றார். "ஒரு கதவு வைச்ச இடத்தில இன்னொருத்தன்ர பிள்ளையை நிப்பாட்டேலாது."

அன்றைக்கு முதலில் உள்ளே போனவர்கள் ஏழு பிள்ளைகள். முன்னால் போனவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. கடைசிப் பையன் போகும்போது, அவசரத்தில், கதவை இழுத்துச் சாத்திவிட்டான். சாத்திய வேகத்தில் உள்ளே தொங்கிய ஒரே லாம்பும் அணைந்தது. கும்மிருட்டு. ஏழு பேரும் சேர்ந்து ஒரு கத்துக் கத்தினார்கள். ஆகா, வென்றோம் என்று நான் விளையாட்டு மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது கொட்டிலின் மூலை வெடித்தது. கட்டிய கிடுகைப் பிய்த்துக்கொண்டு முனி வெளியே பாய்ந்தது. தலையில் வேட்டி, முகமெல்லாம் கரி, கழுத்தில் மாலையாக நாலு பனங்கொட்டை. "கதவு! கதவு!" என்று கத்திக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கே ஓடியது. வீடியோ வகுப்பறை ஜன்னலைத் தாண்டியது. அதிபரின் கதிரையைத் தட்டிவிட்டது. கானிவலுக்கு வந்திருந்த ஒரு நாய் கூடவே ஓடி, பயந்து, திரும்பியது. கிணற்றடிக்குப் போய்த்தான் முனி நின்றது.

பிள்ளைகள் ஏழு பேரும் கிடுகு ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. பிறகு பல்லு விழுந்தவள் கத்தினாள்.

"பேய் எங்களுக்குப் பயந்திட்டுதடா!"

அந்தச் சந்தோஷத்தை நான் என் வாழ்க்கையில் வேறெங்கும் கண்டதில்லை. இரண்டு வருடமாக எதற்கெல்லாமோ ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, முதல் தடவையாக ஒன்று அவர்களைக் கண்டு ஓடியிருக்கிறது. குதித்தார்கள், மண்ணில் விழுந்து உருண்டார்கள். வீடியோ அறை அப்படியே காலியாகி, கதவடியில் வரிசை நின்றது. நான் முந்தி, நீ முந்தி. பெரிய பையன்கள் தாங்களாகவே விழுந்த கிடுகைத் தூக்கி வைத்து இறுக்கிக் கட்டினார்கள். படம் ஓடிக்கொண்டிருந்த வெறும் அறையில் விளையாட்டு மாஸ்ரர் ரிமோட்டோடு நின்றார். அதிபர் கதிரையை நிமிர்த்திக்கொண்டே, "பிரமாதம்! நாளைக்கும் இதுதான். அவரைக் கூப்பிடும், அடுத்த கூட்டத்தை விடுவம்" என்றார். அவர் அதை நடிப்பென்றே நம்பியிருந்தார்.

நான் கிணற்றடிக்குப் போனேன். மனிதர் கிணற்றுக் கட்டின் மேல் இருந்தார்.  ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. முகத்தைக் கழுவினார், கரி பாதி போனது.

"ஏலாது ரீச்சர். நாளைக்கு நான் வரேல்லை. இனி ஒருநாளும் ஏலாது."

"வேண்டாம் அண்ணை" என்றேன். வேறென்ன சொல்வது. என் வாய்க்கு ஊரே பயப்படும் என்றார்கள். அன்றைக்கு அதிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். ஆறு பேர் அவளுக்குப் பின்னால். இடுப்பில் கை வைத்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, உண்மையாப் பயந்திட்டியளோ?"

நான் அவளை அதட்ட வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. உண்மையாத்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கட அப்பா ஹெலி வந்தா பயமில்லை எண்டு சொல்லுறவர். சொல்லிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ முதல் போறதும் அவர்தான். பிறகு எங்களுக்கு இடமில்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் வந்து, ஈரமாக இருந்த அவருடைய கையைப் பிடித்தாள்.

"உள்ளுக்கு ஒண்டுமில்லை மாமா. நாங்கள் ஏழு பேரும்தான். வாங்கோ, காட்டுறன்."

அவர் என்னைப் பார்த்தார்.  எழும்பி அவளோடு நடந்தார், வரிசை விலகி வழி விட்டது. பலகைக் கதவடியில் அவர் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். வாய் திறந்தது, ஆனால் அந்தக் கேள்வி வரவில்லை. ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் வேட்டியில் பிடித்து இழுக்க, உள்ளே போய்விட்டார்.

நான் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரீச்சர், சாத்துங்கோ" என்று இருட்டுக்குள் இருந்து அவள் அதட்டினாள். "வெளிச்சம் வருது."

"அண்ணை?" என்றேன்.

பதினொரு எட்டுக் காலடிச் சத்தம் கடைசி மூலைக்குப் போய் நின்றது. "சாத்துங்கோ ரீச்சர்."

சாத்தினேன்.  நான் எண்ணத் தொடங்கினேன், கணக்கு ரீச்சர் வேறென்ன செய்வாள். முப்பது வரை எண்ணினேன். நாற்பது.  ஐம்பத்தைந்தில், அந்தக் கடைசி மூலையிலிருந்து, கரகரத்த குரலில், மெல்ல, "ஊ..." என்று முனி ஊளையிட்டது.

ஏழு பிள்ளைகளும் வீரிட்டார்கள். அப்படியொரு வீரிடல். உடனே சிரிப்பு. "இன்னொருக்கா மாமா, இன்னொருக்கா!"

நான் கொளுக்கியில் கை வைத்தபடி அழுதுகொண்டு நின்றேன். அவர் திறக்கச் சொல்லவில்லை.